மறதிக்கு மருந்தும் நினைவுக்கு நெறியும்

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் அஹ்மத் இப்னு யஹ்யா, ‘ஃபுதூஹுல் புல்தான்’, ‘அன்ஸாபுல் அஷ்ராஃப்’ ஆகிய இரு பெருநூல்களை நமக்கு விட்டுச் சென்றவர். இஸ்லாத்தின் தொடக்ககால வரலாற்றை எழுதப் புகும் எவரும் இந்நூல்களைப் புறந்தள்ள இயலாது. எனினும் அன்னாரின் இயற்பெயரை அறிந்தோர் சிலரே. ‘அல் பலாதுரீ’ என்ற சிறப்புப் பெயரே நிலைத்துவிட்டது. அது ஒரு கொட்டையின் பெயரிலிருந்து வந்தது. நினைவாற்றல் பெருகும் என நம்பி அக்காலத்தார் உட்கொண்ட ‘பலாதுர்’ என்னும் கொட்டையின் சாற்றை, அதன் இயல்பறியாது அருந்தியதால் அவர் சித்தம் கலங்கினார் என்றும், மருத்துவமனையில் கட்டிவைக்கப்பட்ட நிலையில் இறந்தார் என்றும் பத்தாம் நூற்றாண்டின் நூற்பட்டியலாசிரியர் இப்னுந் நதீம் தம் ‘ஃபிஹ்ரிஸ்த்’ நூலில் குறிக்கிறார். இது நிகழ்ந்தது கி.பி. 892 வாக்கில். அச்சாற்றை அருந்தியவர் அவருடைய பாட்டனாரே என்று கூறுவோரும் உளர். எவராயினும், நினைவைப் பெருக்க எண்ணி அறிவையே இழந்த ஒருவரின் துயரம் ஒரு மாபெரும் அறிஞரின் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

இந்தப் பலாதுர் தமிழர்க்குப் புதியதன்று. சேராங்கொட்டை எனவும் சேங்கொட்டை எனவும் நாம் வழங்கும் கொட்டையே அது. இந்திய மண்ணில் விளைவது. வடமொழியின் ‘பல்லாதக’ என்ற சொல் பாரசீகத்தின் வழியே அறபில் ‘பலாதுர்’ ஆயிற்று. அதன் கருஞ்சாறு துணியில் பட்டால் வெளுத்தாலும் போகாது. ஆதலின் சலவைத் தொழிலாளர் துணிகளுக்கு அடையாளக் குறியிட அதனைப் பயன்படுத்தி வந்தனர். அதே சாறு தோலில் பட்டால் கொப்புளம் எழும்பும். முறைப்படி சுத்தி செய்யாமல் அதனை மருந்தில் சேர்க்கலாகாது என்பது சித்த மருத்துவர் அறிந்த செய்தி. துணியில் அழியாக் குறியிடும் கொட்டை மனத்திலும் அழியாக் குறியிடும் என்று யாரேனும் கருதினரோ, நாமறியோம். ஆனால் அறபுலகில் அது ‘ஹப்புல் ஃபஹ்ம்’, அதாவது ‘விளக்கத்தின் விதை’ என்றே பெயர் பெற்றது. மருத்துவ மேதை இப்னு ஸீனா (980–1037) தம் ‘அல் கானூன்’ நூலில் நினைவுக் கேட்டுக்கு அது உதவும் எனக் கூறுவதோடு நில்லாமல், அதனை நஞ்சுகளின் வரிசையில் வைத்து, மனக்கலக்கத்தை எழுப்பும் என்றும் எச்சரிக்கிறார்.

நினைவைப் பேணும் வேட்கையில் இரு வழிகள் அன்றே பிரிந்திருந்தன. ஒன்று, ஒரே விழுங்கில் பயன் தேடும் குறுக்கு வழி. மற்றொன்று, உணவு, உறக்கம், உழைப்பு, ஓதல் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் நெடுவழி. இவ்விரண்டின் வரலாற்றையும், நெடுவழியிற் சென்றோர்க்கும் நேர்ந்த முடிவையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மூளை நலம் பற்றிய விளம்பரங்கள் மலிந்துள்ள இந்நாளில் இவ்வாய்வு பழங்கதை பேசுவதாக முடிந்துவிடாது.

நினைவின் தேவை

முதல் இரு நூற்றாண்டுகளில் முஸ்லிம் சமுதாயத்தின் அறிவுச் செல்வம் பெரிதும் நெஞ்சங்களிலேயே தங்கியிருந்தது. திருமறையை மனனம் செய்தோர் ‘ஹாபிழ்’கள் எனப்பட்டனர். நபிமொழி அறிஞர்களுள் தலைசிறந்தோர்க்கும் அதே பட்டம் வழங்கப்பட்டது. மனனம் செய்த மறை, கட்டவிழ்ந்த ஒட்டகத்தைவிட விரைவாக நழுவிவிடும் என்றும், ஆதலின் அதனை மீண்டும் மீண்டும் ஓதிப் பேணுக என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் காண்கிறோம். நினைவு என்பது ஒருமுறை சேர்த்துவைத்தால் நிலைக்கும் பொருளன்று, நாள்தோறும் காவல் வேண்டுவது என்ற உணர்வு இங்கு வேரூன்றியது.

இமாம் இப்னு ஷிஹாப் அஸ்ஸுஹ்ரீ (மறைவு: 742) பற்றிய செய்தி ஒன்று இதனை விளக்கும். ஆசிரியரிடம் கேட்ட நபிமொழிகளோடு இரவில் இல்லம் திரும்பும் அவர், உறங்கிக்கொண்டிருந்த பணிப்பெண்ணை எழுப்பி, இன்னார் இவ்வாறு அறிவித்தார் என்று ஒப்பிப்பாராம். இதனால் எனக்கென்ன என்று அவள் கேட்க, உனக்குப் பயனில்லை என்பதை அறிவேன், இப்போது கேட்டதை நினைவிற்குக் கொண்டுவரவே கூறினேன் என்பாராம். ஏட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட, ஏடின்றிப் பிறர்க்குச் சொல்லிப் பார்ப்பதே நினைவை உறுதிப்படுத்தும் என்பதை இக்கால உளவியலார் பல சோதனைகளால் நிறுவியுள்ளனர். தூக்கம் கலைந்த அப்பெண்ணின் பொறுமைக்கும் நபிமொழி வரலாற்றில் ஒரு பங்குண்டு போலும்!

மருத்துவர் வகுத்த நெறி

மருத்துவர்கள் இச்சிக்கலை வேறு கோணத்தில் அணுகினர். கிரேக்க மருத்துவர் காலனின் நூல்கள் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (மறைவு: 873) முதலான கிறித்தவ மொழிபெயர்ப்பாளர்களின் உழைப்பால் அறபுக்கு வந்தன. மூளையின் முன்னறை கற்பனைக்கும், நடுவறை சிந்தனைக்கும், பின்னறை நினைவுக்கும் இருப்பிடம் என்ற பண்டைக் கொள்கையை முஸ்லிம் மருத்துவர்களும் ஏற்று விரித்துரைத்தனர். பின்னறையில் குளிர்ச்சியும் ஈரமும் மிகுந்தால் மறதி தோன்றும் என்பது அவர்தம் விளக்கம். இது பிழையான விளக்கம் என்பதை இன்று அறிவோம். மூளையின் பக்கமடல்களின் உட்புறத்தே அமைந்த ‘ஹிப்போகேம்பஸ்’ என்னும் பகுதி புதிய நினைவுகள் உருவாக இன்றியமையாதது என்பது 1957இல் வெளியான ஆய்வு ஒன்றிற்குப்பின் தெளிவாயிற்று.

எனினும் விளக்கம் பிழைத்தாலும் வினா நிலைத்தது. மறதியை ஒரு நோயாகக் கருதி, அதற்கெனத் தனிநூல் யாத்தவர் கைரவானைச் சேர்ந்த இப்னுல் ஜஸ்ஸார். இன்றைய துனீசியாவில் உள்ள அந்நகரில் பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த இவர், ஏழைகளுக்கான மருத்துவம், குழந்தை வளர்ப்பு, முதியோர் மருத்துவம் என அந்நாளில் பிறர் அதிகம் கருதாத துறைகளில் நூல்கள் எழுதியவர். மறதியும் அதன் மருத்துவமும் பற்றிய அவருடைய சிறுநூல் ஹீப்ரு மொழியில் பெயர்க்கப்பட்டது. பதினோராம் நூற்றாண்டில் ஆபிரிக்கரான கான்ஸ்டன்டைன் இத்தாலியின் மொன்டே கஸினோ மடத்தில் அதனை இலத்தீனுக்குக் கொண்டுசென்றார். முஸ்லிம், யூத, கிறித்தவ அறிஞர் மூவரும் ஒரே நோய்க்கு ஒரே ஏட்டைப் புரட்டிய காலம் அது.

இவர்கள் அனைவர்க்கும் பொதுவான அடித்தளம் ‘ஆறு இன்றியமையாக் காரணிகள்’ என்ற கோட்பாடாகும். சுற்றியுள்ள காற்று, உணவும் பானமும், உறக்கமும் விழிப்பும், உடல் அசைவும் ஓய்வும், உடலில் தங்குவனவும் கழிவனவும், உள்ளத்து உணர்ச்சிகள் என்பவை அவ்வாறு. இவற்றை அளவோடு பேணுவதே நலம் காக்கும் முதல் வழி, மருந்து அதன் பின்னரே என்பது மருத்துவ மரபு. பக்தாதைச் சேர்ந்த கிறித்தவ மருத்துவர் இப்னு புத்லான் (மறைவு: ஏறத்தாழ 1066) இவற்றின் அடிப்படையில் ‘தக்வீமுஸ் ஸிஹ்ஹா’ என்ற நூலை அட்டவணை வடிவில் அமைத்தார். பல்கு நாட்டு அபூ ஸைத் (850–934), உடல் நலத்திற்கு ஒரு பகுதியும் உள்ள நலத்திற்கு ஒரு பகுதியுமாக நூல் செய்து, கவலையும் சினமும் அச்சமும் உடலைக் கெடுக்கும் என்றும், உடல்நோய் உள்ளத்தைக் கெடுக்கும் என்றும் எடுத்துரைத்தார்.

ஆசிரியர் கண்ட முறை

மத்ரஸா ஆசிரியர்களின் அனுபவம் மருத்துவ ஏடுகளுக்கு நிகரான மற்றொரு களஞ்சியம். பக்தாதின் நபிமொழி அறிஞர் கதீப் அல் பக்தாதீ (1002–1071), மனனத்திற்கு விடியலுக்கு முந்திய வேளை சிறந்தது, கவனத்தைச் சிதறடிக்கும் காட்சிகள் இல்லாத இடம் ஏற்றது, நிறைந்த வயிற்றைவிடக் குறைந்த வயிறு நன்று என்றெல்லாம் வகுத்துக் கூறினார். பதினாறாண்டு, இருபதாண்டு எனக் கற்றுத் தேர்ந்தோர் தம்மைத் தாமே நோக்கிக் கண்ட உண்மைகள் இவை.

அவர்க்கு ஒரு நூற்றாண்டிற்குப் பின் வந்த புர்ஹானுத்தீன் அஸ்ஸர்னூஜீ, ‘தஃலீமுல் முதஅல்லிம்’ என்ற சிறுநூலை எழுதினார். பதின்மூன்று இயல்கள் கொண்ட இந்நூல் இந்தோனேசிய மத்ரஸாக்களில் இன்றும் பாடமாக உள்ளது. அதில் நினைவைத் தருவன, மறதியைத் தருவன பற்றி ஓர் இயலே உண்டு. மாணவன் நேற்றைய பாடத்தை ஐந்து முறையும், அதற்கு முந்திய நாளின் பாடத்தை நான்கு முறையும், அதற்கும் முந்தியதை மூன்று முறையும், பின் இரண்டு, பின் ஒன்று என்றும் மீட்டிப் படிக்க வேண்டும் என்கிறார் ஆசிரியர். ஒரே நாளில் பதினைந்து முறை படிப்பதை ஐந்து நாள்களுக்குப் பகிர்ந்தளிக்கும் கணக்கு இது. 1885இல் ஜெர்மானிய உளவியலார் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, இடைவெளி விட்டுப் படிப்பது தொடர்ந்து படிப்பதைவிடப் பயனுடையது என்று அளந்து காட்டினார். ஸர்னூஜீ அளந்து காட்டவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கற்பித்த அனுபவத்தை எழுதிவைத்தார். மேலும், உடன் பயில்வோரோடு சிறிது நேரம் விவாதிப்பது ஒரு மாதம் தனியே மீட்டிப் படிப்பதைவிட மேல் என்ற கருத்தையும் அவர் எடுத்துரைக்கிறார்.

இதே இயலில் வேறு செய்திகளும் உள்ளன. தேன், சர்க்கரை சேர்த்த குந்திரிக்கம், வெறும் வயிற்றில் உண்ணும் 21 சிவந்த உலர் திராட்சைகள் நினைவைத் தருமாம். பச்சைக் கொத்துமல்லியும் புளித்த ஆப்பிளும் மறதியைத் தருமாம். கல்லறை எழுத்துகளைப் படிப்பதும், வரிசையாகச் செல்லும் ஒட்டகங்களிடையே நடப்பதும் மறதிக்குக் காரணமாம். இங்கே ஆய்வாளர்க்கு ஒரு கடமை உண்டு. ஐந்து, நான்கு, மூன்று என்ற கணக்கை மட்டும் எடுத்துக்காட்டி, மேலைநாட்டார் நேற்றுக் கண்டதை நம்மவர் எண்ணூறு ஆண்டுக்கு முன்பே கண்டனர் என்று மார்தட்டுவது எளிது. கொத்துமல்லியை மறைத்துத்தான் அவ்வாறு பேச இயலும். முன்னோரை மதிப்பதென்பது அவர்கள் எழுதிய முழுமையையும் படிப்பது, சோதனையில் நிலைப்பதையும் நிலையாததையும் பிரித்தறிவது. இப்னு ஸீனா காலனை அவ்வாறே படித்தார்.

இன்றைய சோதனைகள்

இக்காலத்தில் அந்தச் சோதனைகள் எவ்வாறு நிகழ்ந்தன என்பதைச் சுருங்கக் காண்போம். அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த 2832 பேரைக் கொண்டு ஒரு பேராய்வு நடைபெற்றது. ஒரு பிரிவினர்க்கு நினைவுப் பயிற்சியும், ஒரு பிரிவினர்க்குச் சிந்தனைப் பயிற்சியும், ஒரு பிரிவினர்க்கு விரைந்து உணரும் பயிற்சியும் அளிக்கப்பட்டன. எதில் பயிற்சி பெற்றனரோ அதில் முன்னேறினர், பிறவற்றிற்கு அம்முன்னேற்றம் பரவவில்லை என்பது 2002இல் வெளியான முடிவு. பத்தாண்டுகளுக்குப்பின் 2014இல் வெளியான அறிக்கையில், சிந்தனை, விரைவு ஆகிய இரண்டின் பயன் நீடித்திருந்தது. நினைவுப் பயிற்சியின் பயன் நீடிக்கவில்லை.

இலண்டன் நகர வாடகைக் கார் ஓட்டுநர்கள் ஆயிரக்கணக்கான தெருக்களை மனனம் செய்து தேர்வு எழுதுவோர். அவர்தம் மூளையில் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி பெரிதாக இருப்பது 2000இல் வெளியிடப்பட்டது. தேர்வில் வென்றோரிடம் பயிற்சிக் காலத்திலேயே அவ்வளர்ச்சி நிகழ்ந்தது 2011இல் உறுதிசெய்யப்பட்டது. மூளை முதிர்ந்த பின்னும் பயிற்சியால் மாறும் என்பதற்கு இது வலிய சான்று. ஆனால் அதே ஓட்டுநர்கள் வேறு சில நினைவுச் சோதனைகளில் மற்றவரைவிடப் பின்தங்கினர். பயிற்சி, பயின்ற பொருளுக்கே முதலில் உரியது.

இவ்வுண்மையை மறைத்து, கணினி விளையாட்டுகளால் முதுமை மறதி விலகும் என விளம்பரம் செய்த ஓர் அமெரிக்க நிறுவனம், அந்நாட்டு வணிக ஆணையத்தின் வழக்கைத் தீர்க்க 2016இல் 20 இலட்சம் டாலர் செலுத்த இணங்கியது. பலாதுரின் விற்பனை வேறு உருவில் தொடர்கிறது எனலாம்.

நெடுவழியையும் ஆய்வாளர் சோதித்தனர். பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1260 பேருள் ஒரு பிரிவினரை உணவு, உடற்பயிற்சி, அறிவுப் பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய நான்கையும் இரண்டாண்டுகள் ஒருங்கே கடைப்பிடிக்கச் செய்தனர். பொதுவான அறிவுத்திறனில் அவர்கள் பிறரைவிடச் சிறிதளவு மேம்பட்டனர் என்று 2015இல் அறிவிக்கப்பட்டது. எனினும் நினைவு என்ற தனிப்பிரிவில் தெளிவான வேறுபாடு தென்படவில்லை. 2025இல் முடிவு வெளியான அமெரிக்க ஆய்வில் 2111 பேர் பங்கேற்றனர். ஒழுங்கான வழிகாட்டலோடு நெறியைக் கைக்கொண்டோர், தாமே முயன்றோரைவிடச் சற்றே முன்னேறினர். தாமே முயன்றோரும் முன்னேறினர். 2024இல் ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆய்வுக்குழு, மாற்றத்தக்க 14 காரணிகளைச் சீராக்கினால் உலகின் முதுமை மறதி நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என மதிப்பிட்டது. அப்பட்டியலில் காற்று மாசும், உடலுழைப்பின்மையும், மனச்சோர்வும், தனிமையும் உள்ளன. முன்னோரின் ஆறு காரணிகளோடு இவற்றை ஒப்பிட்டு நோக்கலாம். ஆனால் இரத்த அழுத்தமும், கொழுப்பும், செவித்திறன் குறைவும், பார்வைக் குறைவும் அப்பட்டியலில் உள்ளன. இவை அந்த ஆறில் இல்லை.

நெடுவழியின் எல்லை

இதுவரை கூறியவற்றைக் கேட்போர், நெறியோடு வாழ்ந்தால் மறதி அணுகாது என்று முடிவுகட்டிவிடக்கூடும். ஹதீஸ் கலையின் வரலாறு அம்முடிவைத் தடுக்கிறது. உலக வரலாற்றில் நபிமொழி அறிஞர்களைப்போல் வாழ்நாள் முழுதும் நினைவைப் பயிற்றியோர் அரியர். அவர்களுள்ளும் முதுமையில் நினைவு தடுமாறியோர் இருந்தனர். இந்நிலைக்கு ‘இக்திலாத்’ என்றும், அதற்கு ஆளானோர்க்கு ‘முக்தலித்’ என்றும் பெயரிட்டு, அவர்களைப் பற்றித் தனி நூல்களே எழுதப்பட்டன. பதினான்காம் நூற்றாண்டில் அல் அலாஈயும் (மறைவு: 1359), அடுத்த நூற்றாண்டில் அலெப்போவின் ஸிப்த் இப்னுல் அஜமீயும் (மறைவு: 1438) இத்தகைய நூல்களைத் தொகுத்தனர்.

இந்நூல்களில் பழிப்புரை இல்லை. கூஃபாவின் அதா இப்னுஸ் ஸாயிப் முதுமையில் தடுமாறியவர். அவரிடம் முன்னரே கேட்ட ஸுஃப்யானுஸ் ஸவ்ரீ, ஷுஃபா ஆகியோரின் அறிவிப்புகளை அறிஞர்கள் ஏற்றனர். பின்னர்க் கேட்டோரின் அறிவிப்புகளில் எச்சரிக்கை காட்டினர். யமனின் அப்துர் ரஸ்ஸாக் (மறைவு: 827) கண்பார்வை இழந்தபின் நினைவில் மாறுதல் அடைந்தார். அவருடைய ‘முஸன்னஃப்’ இன்றளவும் போற்றப்படுகிறது. இறுதிநாள்களின் தடுமாற்றம், முன்னைய வாழ்நாளின் உழைப்பை அழித்துவிடவில்லை. நோயைக் கண்டனர், அதன் தொடக்கத்தைக் குறித்தனர், மனிதரை மதித்தனர்.

பஸராவின் ஜரீர் இப்னு ஹாஸிம் (மறைவு: ஹிஜ்ரி 170) பற்றிய செய்தி நெஞ்சைத் தொடுவது. அவருடைய புதல்வர்களும் நபிமொழி பயின்றோரே. தந்தையின் நினைவு தடுமாறத் தொடங்கியதை அவர்கள் உணர்ந்தவுடன், மாணவர் எவரும் அந்நிலையில் அவரிடம் பாடம் கேட்க இயலாதவாறு அவரைக் காத்துக்கொண்டனர். அதனால் தடுமாறிய காலத்தில் அவரிடமிருந்து எவரும் ஒன்றும் கேட்கவில்லை என்று அறிஞர்கள் பதிவு செய்துள்ளனர். மார்க்க அறிவின் தூய்மையும் தந்தையின் மானமும் ஒரே செயலால் காக்கப்பட்டன.

இச்செய்தி நம் இல்லங்களுக்கும் உரியது. முதுமையால் தடுமாறும் தாயோ தந்தையோ ஒரே கேள்வியைப் பத்தாம் முறை கேட்கும்போது, இளமையில் மூளைக்குப் பயிற்சி தரவில்லை, உணவைப் பேணவில்லை என்று நாம் மனத்துள் குற்றம் சாட்டுகிறோம். அறிந்த பின் ஏதும் அறியாத நிலைக்கு மனிதரிற் சிலர் திருப்பப்படுவர் என்று திருமறை இருமுறை நினைவூட்டுகிறது. அந்த நிலையிலிருந்து பாதுகாவல் தேடி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறைஞ்சியுள்ளார்கள். அது குற்றத்தின் கூலியாயின் அவ்வாறு இறைஞ்சத் தேவை ஏது? முதுமை எய்திய பெற்றோரிடம் சலிப்பின் சிறு ஒலியும் காட்டலாகாது என்பது மறையின் ஆணை. நெறியால் ஆபத்து குறையலாம். நெறி தவறாதவர்க்கும் நோய் வரலாம்.

ஆதலின் நம் கடமை இரண்டு. நடுவயதிலேயே இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து பார்ப்பதும், முதியவரின் காது மந்தத்தை ‘வயசாயிட்டா அப்படித்தான்’ என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுவதும், நடையையும் நல்லோர் கூட்டுறவையும் கைவிடாதிருப்பதும், கற்றதைப் பிறர்க்குச் சொல்லிப் பழகுவதும் முதற் கடமை. விற்பனைக்கு வரும் புதிய பலாதுர்களை விலக்குவதும் அதில் அடங்கும். இவையனைத்தையும் மீறி மறதி வந்து சேருமாயின், ஜரீரின் புதல்வர்களைப்போல் அவர்களைச் சூழ்ந்து நின்று காப்பது மற்றைய கடமை. முதலாவது கடமையைப் பற்றி மருத்துவர்கள் இன்னும் பல ஆய்வுகள் செய்வர். இரண்டாவதை நாம் இன்றே தொடங்கலாம்.